நரம்பிசையும் நம் திருவிழாக்களும்

கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை நம் பங்குத் திருவிழாக்கள் எத்தனை நாள் நீண்டாலும், கேட்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு மாலைப்பொழுது அவற்றில் இல்லை. காண்பதற்கு உண்டு: மின்விளக்குத் தோரணம், பூந்தேர், வாணவேடிக்கை. உண்பதற்கு உண்டு: பொது விருந்து. ஒலிக்கோ எந்தக் குறையும் இல்லை. ஆலய முகப்பிலும் தெருமுனையிலும் அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் வைகறையிலேயே விழித்துக்கொள்கின்றன. ஒலி மிகுந்திருக்கிறது, இசை மெலிந்திருக்கிறது, கேட்டல் என்னும் பண்போ அறவே மறைந்துகொண்டிருக்கிறது.

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனச் சென்னையின் தென்புறநகரில் வாழும் இறைமக்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம். 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானது. 2021இல் இவ்வூர்கள் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தன. வயல் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன, மக்கள் பெருகினர், ஆலயங்களும் பெருகின. வளர்ந்த இவ்வூர்களில் இன்னும் வளராதது ஒன்று உண்டு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி தோறும் மக்கள் கூடி வாய்மூடி அமர்ந்து இசை கேட்கிறார்கள். பரங்கிமலைக்குத் தெற்கே, நம் ஆலய வளாகங்களில், அப்படி ஒரு மாலை வாய்ப்பதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. திருவிழா நாள்களுள் ஒரே ஒரு மாலையை ஒலிபெருக்கி இல்லாத நரம்பிசைக்கு ஒதுக்குக. குறிப்பாக, செல்லோ என்னும் கருவி பல ஒருங்கே கூடி இசைக்கும் பழைய இசைக்கும் புதிய இசைக்கும் ஒதுக்குக. இதைக் கேட்டதும் நகைப்போர் உண்டு. முகம் சுளிப்போரும் உண்டு. அவர்கள் சொல்வன அனைத்தும் வீண்பேச்சு என்று நாம் கருதவில்லை. எனவே ஒவ்வொன்றையும் எடுத்து விடை கூறுவோம்.

முதலில், செல்லோ என்பது யாது? வயலின் குடும்பத்தில் பிறந்த பெரிய கருவி அது. ஏறத்தாழ நான்கடி உயரம்; நான்கு நரம்புகள்; குதிரைமயிர் பூட்டிய வில். வயலினைத் தோளில் சாய்த்து வாசிப்பர். செல்லோவை நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, நெஞ்சோடு அணைத்து வாசிப்பர். ஆண்குரலின் அடித்தளம் முதல் பெண்குரலின் உச்சம் வரை அதன் எல்லை விரிகிறது. நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்தபோது, மனிதத் தொண்டையையும் மிடற்றுக்கருவி என ஒன்றாகச் சேர்த்தனர். நரம்புக்கருவிகளுள் மிடற்றுக்கு மிக அணுக்கமாக நிற்பது செல்லோ. ஆதலால்தான் நான்கு, எட்டு, பன்னிரண்டு செல்லோக்கள் கூடினால் வேறெந்தக் கருவியின் துணையும் வேண்டுவதில்லை. ஒன்று தாழ்குரலாய் நிலத்தைத் தாங்கும். இரண்டு இடைக்குரலாய் ஓடும். ஒன்று மேலெழுந்து பாடும். ஒரே குடும்பத்தார் கூடிப் பாடும் பாடகர் குழுவாக அது அமைகிறது. உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித பவுல் கொரிந்தியருக்கு விளக்கியதைச் செவியால் உணர வேண்டுமாயின் இதைவிட நேரிய வழி அரிது.

நம் திருவிழாக்களில் தோற்கருவிக்குப் பஞ்சமில்லை. பேண்டு வாத்தியத்தில் துளைக்கருவி உண்டு. ஆலயமணி என்னும் கஞ்சக்கருவியும் உண்டு. நரம்புக்கருவி எங்கே? அதன் இருக்கையில் இன்று கீபோர்டு அமர்ந்து, நரம்பொலியைப் போல நடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் மறுப்பு: இது அந்நியக் கருவி, பண்பாட்டுமயமாதல் பேசும் காலத்தில் ஐரோப்பியப் பெட்டியைத் தூக்கி வருவதா? இவ்வாறு கேட்போர் வீரமாமுனிவரை ஒருகணம் நினைவுகூரட்டும். அவர் 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். அங்கிருந்து சில பத்துக் கல் தொலைவில்தான் வயலினுக்கும் செல்லோவுக்கும் இலக்கணம் வகுத்த கிரெமோனா நகரம். ஸ்திராதிவாரி அங்கே கருவிகளைச் செதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. இயேசு சபையில் சேர்ந்த முனிவர் ரவென்னாவிலும் பொலோஞ்ஞாவிலும் பயின்றார். அந்தப் பொலோஞ்ஞா எத்தகைய நகரம்? அதன் புனித பெத்ரோனியோ பேராலயத்தின் இசைக்குழுவில் தொமேனிகோ கபிரியெல்லி என்பவர் 1680 முதல் செல்லோ வாசித்தார். அதுவரை பிறர் பாட அடிச்சுரம் தாங்கும் ஏவலாளாய் இருந்த அக்கருவிக்கு, தனித்து நின்று பேசும் உரிமையை அவர் வழங்கினார். 1689இல் அவர் எழுதிய தனிச் செல்லோ இசைப் படைப்புகள் அவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் வைத்து எண்ணப்படுகின்றன. இரு செல்லோக்கள் ஒன்றையொன்று பின்தொடரும் இசையும் அவர் எழுதினார். ஆக, செல்லோ தன் சொந்தக் குரலில் பேசக் கற்றது அரண்மனை விருந்துக் கூடத்தில் அன்று. ஒரு கத்தோலிக்கப் பேராலயத்தின் நிழலில்.

அதே நகரில் படித்த இளைஞர்தாம் 1711இல் தமிழகம் வந்து, தமிழ் கற்று, 3,615 பாக்களில் தேம்பாவணி பாடினார். அவரை அந்நியர் என்று தள்ளிய தமிழர் உண்டோ? வந்தவர் தமிழின் செவியைப் பெற்றார், ஆகவே தமிழரானார். கருவிக்கும் அதே நெறிதான். பிறந்த ஊர் எது என்பது சிறிய கேள்வி. வந்த இடத்தில் எதைப் பேசுகிறது என்பதே பெரிய கேள்வி.

வயலின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார். கருவி அதே கருவிதான். அமரும் முறை மாறியது, சுருதி சேர்க்கும் முறை மாறியது, கமகம் ஏறியது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? தம்பிக்குத் தமிழ்க் குடியுரிமை கொடுத்த நாம் அண்ணனை மட்டும் வாசலில் நிறுத்துவது ஏன்?

வியப்பு என்னவெனில், செல்லோவை அந்நியம் என்போர் கீபோர்டை அந்நியம் என்பதில்லை. அதன் பொத்தான்களைப் படித்துப் பார்த்தோமா? டிஸ்கோ, ஸ்லோ ராக், வால்ட்ஸ், போசா நோவா. பிரேசில் கடற்கரையில் பிறந்த தாளத்தை ஒரு தொழிற்சாலை சில்லுக்குள் அடைத்து அனுப்ப, நாம் அதன்மேல் காணிக்கைப் பாடலை ஏற்றிப் பாடுகிறோம். பாடகர் குழு மூச்சுவிட விரும்பினாலும் பொத்தான் விடுவதில்லை. மனிதக் கையும் மனித மூச்சும் இல்லாத தாளத்தை நம்முடையது என ஏற்றுக்கொண்டு, விரலும் வில்லும் வியர்வையும் கொண்டு எழும் ஒலியை வேற்றார் ஒலி என்கிறோம். இதற்குப் பண்பாட்டுமயமாதல் என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. பழக்கத்தின் சோம்பல் என்பதே பொருந்தும்.

இரண்டாம் மறுப்பு: ஏழை எளியோர் வாழும் பங்குகளில் இந்த ஆடம்பரம் தேவையா? நேர்மையான கேள்வி, மதிப்போடு விடை கூறுவோம். நல்ல செல்லோ விலை மிகுந்ததே. கலைஞருக்கு ஊதியம் தரவேண்டியதே. ஆனால் திருவிழாக் கணக்கேட்டை எவரும் திறந்து பார்க்கலாம். ஒலி, ஒளி அமைப்பிற்கு எவ்வளவு? மெல்லிசைக் குழுவிற்கு எவ்வளவு? இரண்டு மணித் துளிகளில் கரியாகும் வாணவேடிக்கைக்கு எவ்வளவு? அங்கெல்லாம் நினைவுக்கு வராத ஏழை, நரம்பிசை என்றதும் நினைவுக்கு வருவது எவ்வாறு? ஏழைக்கு உரத்த ஒலி போதும், நுண்ணிய இசை செல்வருக்கு உரியது என்னும் எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அது அன்பின் குரல் அன்று.

இச்சென்னையிலேயே இதற்கு எதிர்ச்சான்று உண்டு. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய இசைப்பள்ளியின் அரவணைப்பில், 2009 முதல் வறிய குடும்பத்துச் சிறுவர் சிறுமியர்க்கு இலவசமாக நரம்பிசை கற்பிக்கப்பட்டு, சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழு உருவானது. திரைக்கலைஞர் ஒருவர் செய்ததைத் திருச்சபை செய்யலாகாதா? நமக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல இயலாது. 1977இல் திருச்சியில் கலைக்காவிரியைத் தொடங்கி ஆடலையும் பாடலையும் கல்லூரிப் பாடமாக்கிய திருச்சபை இது.

வறியோருக்கும் இவ்விசைக்கும் உள்ள உறவுக்கு இன்னொரு சான்று பிரான்சின் பிராத் என்னும் சிற்றூர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் அகதியாய் அங்கு ஒதுங்கியவர் பாப்லோ கசால்ஸ், அந்நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோக் கலைஞர். தம் நாட்டுச் சர்வாதிகாரியை உலக அரசுகள் ஏற்றுக்கொண்டதைக் கண்டித்து, மேடையையே துறந்திருந்தார். முகாம்களில் வாடிய அகதிகளுக்கு உதவுவதில் தம் நாள்களைக் கழித்தார். 1950இல் பாக் மறைந்த 200ஆம் ஆண்டு வந்தது. அவர் மேடைக்கு வராததால், உலகின் இசைக்கலைஞர்கள் அவர் இருந்த ஊருக்கே வந்தனர். அந்த இசைவிழா நடந்த இடம் புனித பேதுருவின் பங்கு ஆலயம். பெருநகர அரங்கம் இல்லை. பங்கு ஆலயமும் அகதியான ஒரு முதியவரும் போதுமாயிருந்தனர். புறநகரப் பங்கு என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்வோர் இதை மறவாதிருக்கட்டும்.

மேலும், கலைஞர் எங்கே என்று தேடிக் கடல்கடக்க வேண்டியதில்லை. வடபழனி, சாலிகிராமம் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு தலைமுறைக் காலம் வயலின், வியோலா, செல்லோக் கலைஞர்கள் வரிசை வரிசையாய் அமர்ந்து வாசித்தனர். தமிழ்த் திரைப்பாடல்களின் இடையிசையில் நம் நெஞ்சைப் பிசைந்த ஆழ்குரல் பல வேளைகளில் செல்லோவின் குரலே. பெயர் அறியாமலே நாம் அதை நேசித்திருக்கிறோம். 1986இல் இளையராஜா வெளியிட்ட இசைத்தொகுப்பு பாக்கையும் தியாகராசரையும் ஒரே விரிப்பில் அமர்த்தியது. அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்னும் நால்வர் குழுவை அமைத்தார். இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்டு கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்த குழு அது. பின்னர் கணினியும் பதிவுசெய்த ஒலித்துண்டுகளும் வந்து, நாற்பது பேர் அமர்ந்த இடத்தில் ஒருவரை அமர்த்தின. வில்லேந்திய கைகள் பல வேலை இழந்தன. உழைப்பாளர் மாண்பைப் பற்றித் திருச்சபையின் சமூகப் போதனையை மேற்கோள் காட்டும் நாம், நம் திருவிழாவிற்கும் அதே மின்பொறியை அழைத்துவந்து அந்தக் கைகளை மீண்டும் ஒருமுறை ஒதுக்குகிறோம். இது நம் உள்ளத்தை உறுத்த வேண்டாமா?

மூன்றாம் மறுப்பு: ஆலயத்தில் கச்சேரி தகுமா? இங்கே மறுப்போர் பக்கம் பாதி உண்மை உண்டு. இறைவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5இல் ஆலயங்களில் நடைபெறும் இசைநிகழ்ச்சிகளைப் பற்றித் தெளிவான நெறிமுறைகளை வகுத்தது. ஆலயம் ஒரு பொதுமன்றம் அன்று. சமய உணர்வுடைய இசைக்கே அங்கு இடம். எத்துணை அழகியதாயினும் உலகியல் இசைக்கு வேறிடம் காண்க. ஆயரின் இசைவை முன்கூட்டியே எழுத்தில் பெறுக. நுழைவுக்கட்டணம் கூடாது. கலைஞர் திருப்பீட முற்றத்தில் அமரலாகாது. இயன்றவரை நற்கருணையைத் தனிச் சிற்றாலயத்திலோ வேறு தகுந்த இடத்திலோ வைத்திடுக. இசையின் பொருளை மக்களுக்கு எடுத்துரைத்து, அவர்கள் உள்ளத்தால் பங்குகொள்ளத் துணைசெய்க. இவையே அதன் சாரம்.

இந்நெறிகள் நம் வேண்டுகோளுக்குத் தடையாகா, அரணாகவே அமைகின்றன. பாக்கின் தனிச் செல்லோ இசைத்தொகுப்புகள் நடன வடிவங்களால் ஆனவை. அவற்றைப் பங்குப் பள்ளியின் மன்றத்தில் வைத்துக்கொள்வோம். கசால்ஸ் தம் நாடிழந்த காலம் முழுதும் வாசித்துவந்த கத்தலோனியக் கிறிஸ்து பிறப்புப் பாடலை, பாலன் இயேசுவைப் பறவைகள் வரவேற்கும் அந்தப் பழம்பாடலை, ஆலயத்திற்குள் கேட்போம். யூலியுஸ் கிளெங்கல் 1920இல் பன்னிரு செல்லோக்களுக்கென எழுதிய 'ஹிம்னுஸ்' தன் பெயராலேயே புகழ்ப்பா. அந்தப் படைப்பை வாசிக்கக் கூடியபோதுதான் 1972இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் பன்னிரு செல்லோக் கலைஞர்கள் தனிக்குழுவாக உருவெடுத்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில், மக்களினங்களின் இசைமரபுகளைப் போற்றுமாறும், ஆலயத்தின் மாண்புக்கு இசைந்த பிற கருவிகளை ஏற்குமாறும் வழிவிட்டது. ஆலயத்தில் கச்சேரி தகுமா என்று கேட்போரிடம் நாமும் ஒன்று கேட்போம். திருப்பீடத்திற்கு எதிரே, கெபியின் அருகே, திரைப்பாட்டு மெட்டுகளைத் தலைமாற்றிப் பாடும் மெல்லிசை மேடை அமைக்கையில் இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது?

நான்காம் மறுப்பு: இளையோர் இதனைக் கேட்கமாட்டார்கள். இளையோரை இதைவிட இழிவாகப் பேச இயலாது. ஆண்டுதோறும் இப்புறநகரப் பிள்ளைகள் எத்தனையோ பேர் லண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் இசைத்தேர்வுகளுக்கு உழைக்கின்றனர். அவர்கள் கற்றதைப் பங்கில் வாசிக்கச் சொல்லும் மாலை எது? பதிமூன்று அகவையில் கசால்ஸ் பார்சலோனா நகரக் கடை ஒன்றில் பாக்கின் பழைய இசைத்தாள்களைக் கண்டெடுத்தார். அவற்றைப் பொதுமேடையில் வாசிக்கும் துணிவு வருமுன் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பயின்றார். இளமை பொறுமையற்றது என்பது முதியோர் கட்டிய கதை. பொறுமைக்குரிய பொருளை நாம் அவர்கள் முன் வைக்கவில்லை என்பதே உண்மை.

இனி, பழையதும் புதியதும் என்று ஏன் இரண்டையும் வேண்டுகிறோம்? பழையதை மட்டும் கேட்டால் அருங்காட்சியகம் ஆகும். புதியதை மட்டும் கேட்டால் வேரற்ற செடியாகும். பிரேசில் நாட்டு வில்லா லோபோஸ் இதை நன்கறிந்தவர். தம் நாட்டு மக்களின் பாட்டையும் பாக்கின் பின்னலையும் இணைத்து ஒரு வரிசை படைத்தார். 1930இல் எழுதிய அதன் முதல் படைப்பு செல்லோக்களுக்கு மட்டுமே உரியது. ஐந்தாவது, ஒரு பெண்குரலும் எட்டுச் செல்லோக்களும் கொண்டது. பிரேசிலிலிருந்து பொத்தான் தாளத்தை மட்டும் இறக்குமதி செய்த நாம் இந்தப் பாடத்தை இறக்குமதி செய்யவில்லை! எஸ்தோனிய நாட்டு ஆர்வோ பியார்த், சோவியத் ஆட்சிக் காலத்தில், 1977இல் 'சகோதரர்கள்' என்னும் பொருள்படும் 'ஃபிராத்ரெஸ்' என்ற படைப்பை எழுதினார். பின்னர் அது செல்லோக் குழுவிற்கும் அமைந்தது. சில சுரங்களே திரும்பத் திரும்ப, இடையிடையே அமைதியோடு வரும். செபமாலை சொல்லிப் பழகிய நம் மக்களுக்கு அவ்விசையின் நடை விளங்காமற் போகாது.

இவற்றினும் மேலாக, நமக்கென்றே எழுத வேண்டிய புதிய இசை காத்துக்கிடக்கிறது. தவக்காலத்தில் நம் பாட்டிமார் நீட்டி நெகிழ்ந்து பாடிய பாடுகளின் புலம்பல் இன்று எத்தனை பங்குகளில் ஒலிக்கிறது? கோவாவிலிருந்து இலங்கை சென்று உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் ஆக்கிய வியாகுலப் பிரசங்கம், கடலின் இருகரையிலும் தமிழ்க் கத்தோலிக்கரின் கண்ணீருக்கு மொழி தந்தது. அக்குரல் செல்லோவின் குரல். சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கி இறங்கும் அந்த நெகிழ்வைக் கீபோர்டின் கட்டை தரமாட்டாது; தாங்கிநிற்கும் நரம்பே தரும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்கர், 1878இல் வெளியிட்ட சர்வசமய சமரசக் கீர்த்தனைகளைச் சபா மேடைகள் பாடின. அவற்றுள் ஒன்றை நான்கு செல்லோக்களுக்கு அமைத்துத் தரும் இளைஞர் ஒருவர் இப்புறநகரில் இல்லையா? 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்திற்கு இளையராஜா இசைவடிவம் தந்தபோது, அம்முயற்சிக்குத் துணைநின்ற தமிழ் மையத்தை நடத்தியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். வாசித்தோர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர். சைவத் தமிழுக்கு நம்மவர் செய்த தொண்டு பெருமைக்குரியது. நம் சொந்தப் புலம்பலுக்கு நால்வர் வாசிக்க நம் மண்ணிலேயே ஆள் உண்டு. ஆணையிடத்தான் ஆள் இல்லை.

இறுதியாக, அயலாரைப் பற்றி ஒரு சொல். 2000 ஆகஸ்டு 30இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு எழுந்தது சென்னையில். தரப்பினர் ஒரு கிறிஸ்தவ சபையும் அதனருகே குடியிருந்தோரும். ஒலிபெருக்கியாலோ மேளத்தாலோ பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்தச் சமயமும் கட்டளையிடவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. பிரிந்த சகோதரரை நோக்கி விரல் நீட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆண்டில் வந்த விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. நம் நவநாள் மாலைகளில் அக்கருவியை ஆலயவாசலில் வைத்து அளந்து பார்க்கும் துணிவு நமக்குண்டா?

திருநீர்மலை, வைணவர் போற்றும் 108 திருத்தலங்களுள் ஒன்று. மலையை வெள்ளம் சூழ்ந்திருக்க, அது வடியும்வரை திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்து தரிசித்தார் என்பது அத்தலத்தின் மரபு. காத்திருத்தலைப் போற்றும் அம்மலையடிவாரத்து மக்கள் நம்மைப் பற்றி அறிவது என்ன? ஆண்டில் பத்து நாள் காதைத் துளைப்போர் என்பதா? அவர்களும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பின்வரிசையில் அமர்ந்து கேட்கத்தக்க ஒரு மாலையை நாம் அளித்தால், ஆயிரம் துண்டறிக்கைகள் பேசாததை அது பேசும். சவுலின் கலக்கத்தைத் தாவீது தணித்தது வாதத்தால் அன்று, யாழால். மலைமேல் நின்ற எலியா சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவரைக் காணவில்லை. அவற்றின்பின் வந்த மென்குரலில் கண்டார். அந்த மென்குரலைக் கேட்க வேண்டுமாயின் முதலில் யாராவது ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும்.

நம் ஆலயங்களில் எதிரொலி மிகுதி, விமானமும் மின்தொடரும் ஓயாது செல்லும் இடத்தில் இது எடுபடாது என்போர் உண்டு. பொலோஞ்ஞாவின் புனித பெத்ரோனியோ ஆலயத்தில் எழுப்பிய ஒலி அடங்கப் பத்து வினாடிக்கும் மேலாகும். அந்த எதிரொலியைக் குறை என்று கருதாமல், அதையே துணையாக்கி எழுதினர் அங்கிருந்த இசைவாணர். சிமெண்டு கூரையின்கீழ் மறையுரையையும் மேளத்தையும் குழப்பிவிடும் அதே எதிரொலி, மெல்ல நகரும் நரம்பிசைக்குச் செழுமை சேர்க்கும். விமானம் கடந்துபோகும், போனபின் வரும் அமைதி முன்னிலும் ஆழமாயிருக்கும்.

எனவே பங்குப் பேரவைகளின் முன் மூன்று செயல்களை வைக்கிறோம். ஒன்று, வரும் திருவிழாவில் ஒரு மாலையை ஒலிபெருக்கியின்றி அறிவியுங்கள். அன்றைய ஒலி, ஒளிச் செலவை அப்படியே கலைஞர்க்கு ஊதியமாக்குங்கள். நால்வர் போதும். இரண்டு, அண்டைப் பங்குகள் நான்கைந்து இணைந்து சிறுவர்க்கேற்ற சிறிய செல்லோக்கள் சிலவற்றை வாங்குங்கள். வேலை குறைந்த திரையிசைக் கலைஞர் ஒருவரை ஆசிரியராக அமர்த்துங்கள். அன்பியம் தோறும் ஒரு பிள்ளையைத் தேர்ந்து அனுப்புங்கள். மூன்று, ஆண்டுக்கு ஒரு புதிய இசையை, நம் பழம்பாடல் ஒன்றை அடியாகக் கொண்டு, செல்லோக் குழுவிற்கென எழுதச் சொல்லுங்கள்.

முதலாண்டு ஐம்பது பேர் வரலாம். அவர்களுள் பாதிப்பேர் இடையில் எழுந்து போகலாம். மீதியிருப்போருள் ஒரு சிறுமி, வில் நரம்பைத் தொடும் இடத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் அமர்ந்திருப்பாள். அடுத்த ஆண்டு அவளுக்கு ஒரு செல்லோ வேண்டும். அதை வாங்க இப்போதே நிதி ஒதுக்குங்கள்.